டிஸ்டார்ட் ஸ்கிரீன்சேவரில் பாக்கிக் கணக்கு தெரிகிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் அச்சகத்தின் முன்மேசைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு நிரலில் டிஸ்டார்ட் காட்சியை மட்டும் ஓடவிட்டிருக்கிறேன். கடைசியாகத் திறந்திருந்த திரையையே படமாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் படத்தை வளைத்துக் காட்டும் வில்லை (லென்ஸ்) ஒன்றை அது உலவவிடுகிறது. நேற்று பாக்கிக் கணக்கைத் திறந்தபடியே தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் தம் பெயருக்கு நேரே இருந்த தொகை வீங்கிப் பெரிதாவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பதிலாக எங்கள் காலண்டர் படங்களை வளைத்துக் காட்டச் செய்ய முடியுமா? அது ஓடும்போது கணினியின் விசிறியும் இரைகிறது.

பதில் 1:
முடியும், ஐயா. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் அமைப்புச் சாளரத்தில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறந்து, 'கிராப் டெஸ்க்டாப் இமேஜஸ்' என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டு, 'சூஸ் ரேண்டம் இமேஜ்' என்பதில் குறியிட்டு, படங்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டுங்கள். அகலமோ உயரமோ மிகக் குறைந்த சிறிய படங்களை அது எடுக்காது. கோப்புப் பட்டியலை 3 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கும் என்பதால், புதிதாகப் போட்ட படம் உடனே வராவிட்டால் பதற வேண்டாம்.

கடவுச்சொல் பூட்டு இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பூட்டு விசைப்பலகையைத்தான் காக்கும், திரையில் தெரிவதை மறைக்காது. டிஸ்டார்ட் உருப்பெருக்கியாக ஓடும்போதோ எழுத்து இன்னும் தெளிவாகவே தெரியும்.

பதில் 2:
விசிறி இரைவதற்குக் காரணம், வளைவு முழுவதையும் மையச் செயலி பிக்சல் பிக்சலாகக் கணக்கிடுவதே. வில்லையின் ஆரத்தை இருமடங்காக்கினால் பரப்பும் வேலையும் நான்கு மடங்காகும். ஆகவே முதலில் ஆரத்தையும் வில்லைகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். அதன்பின் 'டிலே' மதிப்பை, அதாவது ஒரு சட்டத்துக்கும் (ஃபிரேம்) அடுத்ததற்கும் இடையே விடும் இடைவெளியை, கூட்டுங்கள். அது மைக்ரோ விநாடியில் உள்ளது, 20,000 என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 50 சட்டங்கள். 'டியூரேஷன்' என்பது வேறு: ஒரு படம் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பது மட்டுமே. முகங்கள் உள்ள படங்களுக்கு 'பிளாக்ஹோல்' விளைவைத் தவிர்ப்பது நல்லது. மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கோப்புறையை மாற்றிய பிறகும் சில படங்கள் வரவேயில்லை. பார்த்தால், அவை மின்னஞ்சலில் அனுப்புவதற்காக 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வைத்தவை. மூலக் கோப்புகளைப் போட்டதும் வந்துவிட்டன. ஆரத்தைப் பாதியாக்கியதில் விசிறியும் அடங்கிவிட்டது.