படத்தில் கேட்ட அந்த இசை எது? தேடிக் கண்டுபிடித்த அனுபவங்கள்

'தி கிங்ஸ் ஸ்பீச்' (2010) பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திக்குவாயோடு போராடும் மன்னர் வானொலியில் போர்க்கால உரை படிக்கும் காட்சி. அவர் ஒவ்வொரு சொல்லாகத் தாண்டி வர, பின்னால் ஓர் இசையும் கூடவே நடந்து வருகிறது. தாம், தத, தாம், தாம். திரும்பத் திரும்ப இதே நடை.

இசையைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியைத் திறந்து கைபேசியைத் திரைக்கு அருகில் பிடித்தேன். பேச்சுக்கு அடியில் ஒலித்ததால் அதற்குப் பிடிபடவில்லை. முணுமுணுத்துப் பார்த்தேன், சம்பந்தமே இல்லாத பாட்டுகள் வந்தன. காரணம் அப்புறம்தான் புரிந்தது. தொடக்கத்தில் இந்த மெட்டு பெரிதாக அசைவதில்லை. அதே சுரம்தான் மறுபடி மறுபடி வருகிறது. அதன் முகமே தாளத்தில்தான் இருக்கிறது. மியூசிபீடியா என்ற இசைத் தேடல் தளத்தில் தாளத்தை விசைப்பலகையில் தட்டித் தேட முடிந்தது. தட்டினேன். வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில் மாட்டியது: பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி, இரண்டாம் பகுதி. 1813 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தபோதே இந்தப் பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நானும் அன்று இரவு நாலு முறை கேட்டேன்.

* * *

என்னைச் சுற்றவிட்டது 'பேரி லிண்டன்' (1975). கதை பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கிறது, இசையும் அந்தக் காலத்ததுதான் என்று நினைத்து மோட்சார்ட், ஹைடன் என்று வாரக்கணக்கில் துழாவினேன். கிடைக்கவே இல்லை. எப்படிக் கிடைக்கும்? அது ஷூபர்ட் 1827இல் எழுதியது, அவர் பிறந்ததே 1797இல்தான். கருவிகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் வழி திறந்தது. பியானோ, வயலின், செல்லோ, அவ்வளவுதான். 'பியானோ ட்ரியோ' என்று தேடியதும் ஈ ஃப்ளாட் மேஜர் ட்ரியோ வந்தது. அதன் இரண்டாம் பகுதி.

* * *

பெயர் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. 'கல்லிபோலி' (1981) படத்தில் வரும் அடாஜியோவை, அதாவது மெதுவான நடையில் போகும் இசையை, ஆல்பினோனி என்ற பழைய இசையமைப்பாளர் எழுதியது என்றே நம்பி, அவருடைய மற்ற படைப்புகளையெல்லாம் கேட்டேன். எதிலும் அந்தச் சாயல் இல்லை. அதை வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ என்ற இத்தாலிய இசை ஆய்வாளர், 1958இல். ஆல்பினோனி இறந்தது 1751இல். உண்மையில் அதை எழுதியவரும் ஜியாசோட்டோதான் என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். தெரிந்த பிறகும் அந்த ஆர்கன் தொடங்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.