அக்கானி குடித்ததும் கொட்டியதும்

கருங்கல்காரன்:
போன பங்குனியில் ஊருக்குப் போனபோது நடந்தது. குமரி மாவட்டத்து மிடாலம் பக்கம் பனையேறி ஒருவர், எழுபது வயதிருக்கும், குடுவையோடு இறங்கினார். கேட்டதும் ஓலைப் பட்டை பிடித்து அக்கானி, அதாவது பதநீர், ஊற்றித் தந்தார். என் மகன் சென்னையிலேயே வளர்ந்தவன். வாயருகே கொண்டுபோனவன், தேனீ மிதக்குது என்று அப்படியே மரமூட்டில் கொட்டிவிட்டான். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிற மனுஷன். திட்டவில்லை. நனைந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்ல மக்களே" என்றார். காசும் வாங்கவில்லை. அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

விடிலிப்பேத்தி:
எனக்குப் புரிகிறது. எங்கள் பாட்டி விடிலியில், அதான் அக்கானி காய்ச்சுகிற ஓலைக்குடிசையில், கருப்பட்டி காய்ச்சுவாள். அக்கானி பொங்கி விளிம்புக்கு வந்தால் ரெண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், சட்டென்று அடங்கிவிடும். ஒருநாள் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓலை பொறுக்கப் போனாள். நான் முத்தைத் தேடுவதற்குள் பாதி அடுப்பில். பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் சாம்பலை வழித்தாள். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

தக்கலை அண்ணாச்சி:
பன்னாடையில், அந்த வலை மாதிரியான பனை நாரில், வடித்துத் தர வேண்டியதுதானே? பெரியவர் மேல்தான் தப்பு. நானும் ஒருமுறை குடித்தேன், கலயத்தில் சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு வெந்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகிவிடும். 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை, அவர்களும் என்ன செய்வார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கள்ளுக்கடைக்கு லைசென்ஸே உண்டு, சரி, அது வேறு பேச்சு. கருப்பட்டி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: உடைத்துப் பாருங்கள். உள்ளே கற்கண்டு மாதிரி மின்னினால் நான் வாங்கவே மாட்டேன், சீனிப்பாகு கலந்தது. சிரட்டையில் ஊற்றிய வட்டு என்பதால் மட்டும் நம்பாதீர்கள், சீனியையும் சிரட்டையில் ஊற்றலாம். மழைக்காலத்தில் கசியும், அதனால் அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் ஓலைப்பெட்டியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

விடிலிப்பேத்தி:
அண்ணாச்சி, இங்கே யார் கருப்பட்டி வாங்க வழி கேட்டது?

கருங்கல்காரன்:
அவர் பன்னாடையில் வடித்துத்தான் ஊற்றினார் அண்ணாச்சி. தேனீ அப்புறம் வந்து விழுந்தது. மகன் கொட்டினதும் மண்ணில் நெளிந்தது. பெரியவர் குனிந்து, ஈர்க்கில் ஒன்றை நீட்டி அதை ஏற்றி, காய்ந்த ஓலைமேல் விட்டுவிட்டு அடுத்த பனைக்குப் போனார்.