மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே குமட்டல், யாராச்சும் சொல்லுங்கப்பா

அக்காங்களா, வெக்கத்த விட்டுதான் கேக்குறேன். அடுத்த குழந்தைக்கு கேப் விடலாம்னு கருத்தடை மாத்திரை ஆரம்பிச்சு இது ரெண்டாவது அட்டை, 28ல கடைசி 7 வெறும் இரும்புச்சத்துதானாம், மீதி 21 போடுற நாள்லதான் தொல்லையே. கடலூர் முதுநகர்ல ஷேர் ஆட்டோ ஏறுனா மீன் கூடை வாசன பட்டதும் வயித்த பொரட்டுது, மீன் இல்லாம சோறே எறங்காத ஆளு நான்! நடுவுல லேசா ரத்தக்கசிவு வேற, மாரெல்லாம் கனத்து வலிக்குது, சும்மா சும்மா வீட்டுக்காரர் மேல எரிஞ்சு விழுறேன் (பாவம் அவரு). மொத 3 மாசம் இப்படி இருக்கலாம், ராத்திரி சாப்ட்டு போட்டா குமட்டல் கொறையும்னு நர்ஸ் சொன்னாங்க, டாக்டர்ட்ட கேட்டுட்டு நேரத்த மாத்தணும். உங்களுக்கு எத்தன நாள்ல சரியாச்சு? காப்பர் டிக்கு மாறுனவங்க இருந்தாலும் சொல்லுங்க. மாமியாருக்கு தெரியாது, இன்பாக்ஸ்ல வாங்க.