பொருள்: ஃபேஸ்லிஃப்ட்டுக்குத் தமிழ் (திங்கள் காலைக்குள் வேண்டும்)

மீ. (வெள்ளி, இரவு 9.10)

அன்புள்ள குழுவினருக்கு,

ஃபேஸ்லிஃப்ட்டுக்கு, அதாவது தளர்ந்த முகத்தைத் தூக்கி இறுக்கும் அறுவைக்கு, ஒரு மருத்துவமனை தரும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. நான்கு முறைகளில் தனக்குச் செய்யப்போவது எது என்று நோயாளி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்: தோலை மட்டும் தூக்குவது, ஸ்மாஸ் பிளைகேஷன், ஸ்மாஸெக்டமி, டீப் பிளேன். பழைய வரைவில் தலைப்பே 'முகத்தூக்கம்'. உடம்பு விழித்திருக்க முகம் மட்டும் தூங்குகிறதா? 'முகம் தூக்கல்' என்றால் மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட கதையாகிவிடுகிறது. உதவுங்கள்.

பு. (வெள்ளி, இரவு 11.45)

ஃபேஸ்லிஃப்ட்டின் மருத்துவப் பெயரான ரைட்டிடெக்டமி என்பதில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குத் தோல் சுருக்கம் என்று பொருள். நமக்குத்தான் 'திரை' இருக்கிறதே! புறநானூறு 195இல் நரிவெரூஉத்தலையார் 'கயன்முள் அன்ன நரைமுதிர் திரைகவுள்' என்கிறார். கவுள் என்றால் கன்னம். கத்தி படுகிற இடத்தையே புலவர் பாடி வைத்திருக்கிறார். ஆகவே திரைநீக்கம். நீர் சுருங்கினால் அலை, அதுவும் திரை. பால் திரைவதும் அதே வேர்தான் என்பது என் துணிபு. திரைச்சீலையின் மடிப்பைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

வே. (சனி, காலை 6.20)

ஐயா, முகத்தையும் சேர்த்து 'முகத்திரை நீக்கம்' என்று அச்சடித்தால் சிலை திறப்பு விழா என்று நினைப்பார்கள். பேசாமல் 'முக இழுப்பு' என்று போடலாமே. பிசிராந்தையார்கூடத் திரையில்லாமல் இருந்ததைப் பற்றித்தானே பாடினார்?

பு. (சனி, காலை 6.31)

புறநானூறு 191இல் 'நரை இல ஆகுதல்' என்றுதான் இருக்கிறது. திரையைப் பற்றி அவர் பேசவில்லை. பாட்டைப் பார்த்துவிட்டு எழுதவும்.

டா. (சனி, பிற்பகல் 2.05)

இந்த அறுவையைச் செய்கிறவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். இழுப்பு வேண்டவே வேண்டாம். நம் ஊரில் முகம் இழுத்துக்கொண்டது என்றால் வாதம். முகநரம்பு பழுதுபட்டு அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் வருகிறவர்களின் பெரிய பயம். அதையே தலைப்பில் போடுவதா?

விஷயம் இதுதான். 1901இல் பெர்லினில் ஹோலண்டர் செய்ததாகச் சொல்லப்படுவது வெறும் தோல் வேலை: காதோரம் கொஞ்சம் வெட்டித் தைப்பது. தோல் நெகிழ்ந்துகொடுக்கும். பளுவை அதன்மேல் மட்டும் ஏற்றினால் மறுபடி தளரும், தழும்பும் அகலும். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தசையும் நார்ச்சவ்வும் பின்னிய மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. 1976இல் மிட்ஸும் பெய்ரோனியும் விவரித்த அதுதான் ஸ்மாஸ். அதை இறுக்கினால் தோலை முறுக்க வேண்டியதில்லை. 1990இல் ஹாம்ரா எழுதிய டீப் பிளேன் முறையில் தோலையும் உறையையும் பிரிப்பதில்லை. அடியில் நுழைந்து, கன்னத்தை எலும்போடு கட்டியிருக்கும் நார்களை விடுவித்து, மொத்தமாக ஏற்றுகிறோம். முகநரம்பின் கிளைகள் அதற்கு மிக அருகில் ஓடுகின்றன.

எது மேல் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை தீரவில்லை. அதனால் டீப் பிளேனை 'ஆழ்தள' என்று கம்பீரமாக எழுதாதீர்கள். ஆழம் என்றாலே உசத்தி என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள்.

யா. (சனி, மாலை 5.50)

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் அறுவை என்றால் விளங்காது, சத்திரசிகிச்சை என்றே எழுதுங்கோ. அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் படிப்பித்தவர். அவர் போட்ட சொல் 'இரண வைத்தியம்'.

வே. (சனி, மாலை 6.02)

இங்கே சத்திரம் என்றால் கல்யாணத்துக்கு எத்தனை இலை என்று கேட்பார்கள், அண்ணா.

த. (ஞாயிறு, காலை 8.15)

அப்பா தையல் கடை வைத்திருந்தார். ரவிக்கை தளர்ந்து வந்தால் அவருக்கு இரண்டு வழி. துணியை வெட்டாமல் உள்பக்கம் பிடித்துத் தைப்பார். இல்லையென்றால் ஒரு கீற்று வெட்டி எடுத்துவிட்டு, விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பார். முன்னதில் பிறகு பிரித்துவிடலாம், பின்னதில் முடியாது. டாக்டர் சொல்கிற உறைக்கும் இதுதானே?

டா. (ஞாயிறு, காலை 9.40)

அதேதான்! முதலாவது பிளைகேஷன், இரண்டாவது ஸ்மாஸெக்டமி. ஆனால் பிரித்துவிடலாம் என்பதை மட்டும் படிவத்தில் எழுதிவிடாதீர்கள். வெட்டி ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றித் தைக்கும் இம்பிரிகேஷனும் உண்டு. லத்தீனில் கூரை ஓட்டிலிருந்து வந்த பெயர்.

பு. (ஞாயிறு, காலை 9.52)

ஓடு என்றால் வேய்தல்! உறைவேய்வு! முன்னதற்குக் கொசுவம்!

த. (ஞாயிறு, காலை 10.10)

கொசுவத்தை யாரும் தைப்பதில்லை, ஐயா. செருகுவதுதான்.

வே. (ஞாயிறு, மாலை 4.30)

தலைப்புக்கு 'முக எடுப்பு'. எடுப்பான முகம் என்கிறோமே, தூக்குவதும் அதில் இருக்கிறது. மூன்று பேர் தனி மடலில் சரி என்றுவிட்டார்கள்.

த. (ஞாயிறு, மாலை 4.41)

மலத்தை ஆள் வந்து அள்ளிப்போகும் எடுப்புக் கக்கூஸ் இருந்த தெருவில் வளர்ந்தவள் நான். எனக்கு அந்தச் சொல் ஒட்டாது. பெரும்பான்மை என்றால் சரி, என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீ. (ஞாயிறு, இரவு 11.58)

அனைவருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். தலைப்பு: முக எடுப்பு அறுவை (ஃபேஸ்லிஃப்ட்). உள்ளே: தோல் மட்டும், உறையைப் பிடித்துத் தைத்தல், உறையில் கீற்று வெட்டித் தைத்தல், உறைக்கு அடியில் சென்று தோலோடு சேர்த்து ஏற்றுதல். ஸ்மாஸ், ஸ்மாஸாகவே இருக்கிறது. த. அக்காவின் மறுப்பு நெஞ்சில் உறுத்துகிறது, ஆனால் வேறு சொல் அகப்படவில்லை.

பு. (திங்கள், காலை 5.15)

'முக எடுப்பு' என்று இடைவெளி விட்டா அனுப்பினீர்கள்? உடம்படுமெய் எங்கே? முகவெடுப்பு. அச்சகத்துக்கு இப்போதே போன் செய்யவும்.