ராஞ்ச் காதல் நாவல்களில் மாடு எங்கே?

பழுப்புத்தாள்:
கொஞ்ச நாளாக இங்கே யார் பரிந்துரை கேட்டாலும் ராஞ்ச் காதல் நாவல்தான், அதாவது அமெரிக்க மாட்டுப் பண்ணையில் நடக்கும் காதல் கதைதான், பதிலாக வருகிறது. சரி என்று நானும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஊர் மொன்டானா, இல்லாவிட்டால் டெக்சாஸ். அப்பா செத்துப்போயிருப்பார் அல்லது சாகக் கிடப்பார். நான்கு அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு புத்தகம். மூத்தவன் வாயைத் திறக்கமாட்டான். கடைக்குட்டி ரோடியோவில் (முரட்டுக் காளை, குதிரை மேல் ஏறும் போட்டி) எலும்பை முறித்துக்கொண்டு வீடு திரும்புவான். நகரத்திலிருந்து வரும் பெண்ணின் கார் சேற்றில் சிக்கும். அப்புறம் பனிப்புயல், ஒரே அறை, ஒரே கட்டில்.

காதல் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். மாடு எங்கே? கிழக்கு மொன்டானா போன்ற வறண்ட புல்வெளியில் ஒரு பசுவும் கன்றும் ஓராண்டு மேய ஏறக்குறைய 30 ஏக்கர் தேவைப்படும். மாட்டை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க 300 பசுவாவது வேண்டும் என்பார்கள். அதாவது ஒரு குடும்பத்துக்கு 9,000 ஏக்கர். நான்கு பேரும் கல்யாணம் செய்து அதே நிலத்தில் ஆளுக்கொரு மரவீடு கட்டினால் 36,000 ஏக்கர் ஆகிறது. நான்காம் புத்தகம் முடியும்போது பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வேறு ஓடித் திரிகின்றன. இத்தனை பேருக்கும் எங்கிருந்து சோறு? தொப்பி போட்ட மில்ஸ் அண்ட் பூன் காதல் கதை, அவ்வளவுதான்.

லைப்ரரி லதா:
திட்டுவதாக நினைத்து வரலாற்றைச் சொல்லிவிட்டீர்கள். கனடாவில் 1949ல் தொடங்கிய ஹார்லெக்வின் பதிப்பகம் வெகுகாலம் லண்டன் பதிப்பகமான மில்ஸ் அண்ட் பூனின் கதைகளைத்தான் மறுபதிப்புப் போட்டுக்கொண்டிருந்தது. 1971ல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. நாயகன் என்றால் ஆங்கில டாக்டர், அல்லது கிரேக்கக் கப்பல் முதலாளி. 1970களின் நடுவில் ஜேனட் டெய்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் வந்த பிறகுதான் அந்த வரிசைக்குள் அமெரிக்க மண்ணும் ராஞ்சும் நுழைந்தன. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ் கதை அனுப்பியபோது, எங்களிடம் ஏற்கெனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்களாம். அவரே சொன்ன கதை இது. 1980ல் போட்டிக்கு சில்லவுட் என்ற பதிப்பகம் முளைத்தது. மறுவருடம் அங்கே வந்த நோராவின் முதல் நாவலின் களம் குதிரைப் பண்ணை. ஆக, கப்பல் முதலாளியைப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்காக வந்தவன்தான் இந்தத் தொப்பிக்காரன்.

உங்கள் ஏக்கர் கணக்குக்கு வருகிறேன். கணக்கு சரி. ஆனால் அந்தச் சகோதரர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கவனித்தீர்களா? ஒருவன் ஷெரிப், ஒருவன் மாட்டு டாக்டர், ஒருவன் ரோடியோ, ஒருவன்தான் முழுநேரமும் மாட்டோடு கிடப்பவன். நாயகி நர்ஸ், டீச்சர், அல்லது டவுனில் பேக்கரி வைத்திருப்பவள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்கே என்ன சொல்கிறது? பெரும்பாலான பண்ணைக் குடும்பங்களின் வருமானத்தில் பெரும்பங்கு பண்ணைக்கு வெளியேயிருந்துதான் வருகிறது. பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கும் மனைவியின் சம்பளம் ஒருபுறம், அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு மறுபுறம். அந்தக் காப்பீட்டை நம்பித்தான் எத்தனையோ ராஞ்ச் குடும்பங்கள் ஓடுகின்றன. உங்களுக்குச் சோறு போடுவது யார் என்று தெரியவேண்டும், இல்லையா? சேற்றில் கார் சிக்கிய அந்தப் பெண்தான்.

பழுப்புத்தாள்:
நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை நாவலில் எங்கே எழுதியிருக்கிறார்கள், காட்டுங்கள். "உன்னைக் கட்டிக்கொண்டால் எனக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும்" என்று எந்தக் கௌபாய் மண்டியிட்டிருக்கிறான்? நாயகிக்கு டீச்சர் வேலை கொடுத்தது, அவள் அவனுடைய முதல் தாரத்துக் குழந்தையைச் சந்திக்கவேண்டும் என்பதற்காக. எழுத்தாளர் தற்செயலாகச் செய்ததற்கு நீங்கள் பொருளாதார விளக்கம் எழுதுகிறீர்கள்.

லைப்ரரி லதா:
தற்செயலாக இருந்தால் என்ன? நூறு பேர் ஒரே தற்செயலைச் செய்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது.

டென்வர் அருண்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் கொலராடோவில் வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். ராஞ்ச் குடும்பங்கள் வருவதுண்டு. என் மனைவி இந்த நாவல்களாக வாங்கிக் குவிப்பதால் நானும் படிப்பேன்.

இவற்றில் எனக்கு எரிச்சல் தருவது வாரிசு வரி. அப்பா செத்ததும் வக்கீல் வருவார், "வரி கட்டாவிட்டால் ராஞ்ச் போய்விடும்" என்பார், நாயகன் முகம் இறுகும். 2024ல் செத்தவருடைய சொத்தில் 1 கோடியே 36 லட்சம் டாலர் வரை மத்திய வாரிசு வரியே கிடையாது. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துத் திட்டமிட்டால் அது இரட்டிப்பு. மேய்ச்சல் நிலத்தைச் சந்தை விலைக்குப் பதிலாக விவசாயப் பயன்பாட்டு மதிப்பில் கணக்கிடவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வரியால் ராஞ்சை இழப்பவர்கள் மிகச் சிலர்.

ராஞ்சை உடைப்பது பாகப்பிரிவினை. நம் ஊரில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை இருபது வருடம் அப்பாவோடு நின்று பிப்ரவரிக் குளிரில் ராத்திரி இரண்டு மணிக்குக் கன்றை இழுத்து வெளியே எடுத்திருப்பான். மற்ற மூவரும் டல்லாசிலோ சியாட்டிலிலோ இருப்பார்கள். உயிலில் நான்கு பேருக்கும் சமபங்கு. நிலத்தின் விலையோ மாடு சம்பாதித்துத் தரக்கூடியதற்கு மேலே எங்கேயோ நிற்கும். மலை தெரிகிறது, மீன் பிடிக்க ஆறு ஓடுகிறது என்று வெளியூர்ப் பணக்காரன் கொடுக்கும் விலை அது. அந்த விலைக்கு மற்றவர்களின் பங்கை வாங்க அங்கேயே நின்றவனிடம் காசு இருக்காது. நிலமாகப் பார்த்தால் கோடீஸ்வரன், கையில் டீசலுக்குப் பணமில்லை.

இதைச் சமாளிக்கக் குடும்பத்தின் பெயரில் கம்பெனி வைப்பார்கள், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஆயுள் காப்பீட்டுப் பணத்தை எழுதிவைப்பார்கள். பாதிப் பேர் எதுவும் செய்யமாட்டார்கள். அப்பா முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. இந்த மௌனத்தை நாவல்கள் நன்றாகவே பிடிக்கின்றன. நோரா ராபர்ட்ஸின் 'மொன்டானா ஸ்கை' (1996) கதையில் மூன்று தாய்க்குப் பிறந்த மூன்று மகள்கள், அப்பா உயிலின்படி ஓராண்டு ஒரே ராஞ்சில் சேர்ந்து இருந்தால்தான் பங்கு. நாடகத்தனமாகத் தோன்றும். ஆனால் அங்கே நின்றவளுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் நடுவில் வரும் புழுக்கம் நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

பழுப்புத்தாள்:
அருண், நீங்கள் சொன்னது நாவல்களைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் என் புகாரும். இவ்வளவு சரக்கு கிடக்கும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறார்கள்?

கடைசி பெஞ்ச்:
கட்டில் இல்லாவிட்டால் நான் படிக்கமாட்டேன், பதிவு செய்துகொள்ளவும்.

வெண்ணிலா:
பணக்கணக்கு முடிந்தால் நிலக்கணக்குக்கு வரலாமா? ஒவ்வொரு நாயகனும் "நாலு தலைமுறையாக எங்கள் மண்" என்று கொள்ளுத்தாத்தாவை இழுப்பான். 1862ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறுபவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் அரசு நிலம் கொடுத்தார்கள். யாருடைய 160 ஏக்கர்? மொன்டானாவின் பூர்வகுடிகளான குரோ மக்களுக்கு 1868 உடன்படிக்கை விட்டுவைத்தது சுமார் 80 லட்சம் ஏக்கர், அதுவே முன்பு இருந்ததில் ஒரு பகுதி. இன்று சுமார் 23 லட்சம். ஐந்தாவது தலைமுறைக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று நாயகி ஒருமுறையாவது கேட்கக்கூடாதா?

இன்னொன்று, "எங்கள் மண்" என்பதே பாதி நேரம் அரசு நிலம். மேற்கு மாநிலங்களில் பல ராஞ்சுகள் கூட்டரசின் மேய்ச்சல் நிலத்தை அனுமதி பெற்றுப் பயன்படுத்துகின்றன. 2024ல் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயக் கட்டணம் 1.35 டாலர். தனியார் நிலத்தில் அதுவே 20 டாலருக்கு மேல். யாரிடமும் கைநீட்டாத வீரன் என்று அட்டையில் போட்டிருக்கும்.

ஆட்கள் விஷயமும் அப்படித்தான். பழைய கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாகச் சொல்லும் கணிப்பு. வயோமிங், யூட்டா பக்கம் இன்று ஆடு மேய்ப்பவர்களில் ஏராளமானோர் தற்காலிக விசாவில் பெருவிலிருந்து வருபவர்கள், மாதக்கணக்கில் வண்டிவீட்டில் தனியாகக் கிடப்பவர்கள். நாவலில் கூலியாள் என்றால் நல்ல மனசுள்ள ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. நாயகனுக்குக் காதல் ஆலோசனை சொல்வதுதான் அவருக்கு வேலை.

லைப்ரரி லதா:
வெண்ணிலா, பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்த 1862 சட்டத்தில் 21 வயதான, கல்யாணமாகாத பெண்ணும் தன் பெயரில் நிலம் கேட்கலாம். கல்யாணமானவள் பொதுவாகக் கேட்க முடியாது. கணவன்தான் குடும்பத்தலைவன். அப்போதே நிலமும் கல்யாணமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தன. ராஞ்சைக் காப்பாற்ற ஒப்பந்தக் கல்யாணம் என்று இன்றைக்கு எழுதினால் சிரிக்கிறோம். அந்தக் கற்பனைக்கு வேர் எங்கே என்பது இப்போது புரிகிறதா?

பெவர்லி ஜென்கின்ஸ் பல வருடங்களாகக் அமெரிக்க மேற்கில் வாழ்ந்த கறுப்பின மக்களின் கதைகளை எழுதுகிறார். வரலாற்றுக் காதல்தான், ஆனால் நீங்கள் தேடும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். கடையில் முன்வரிசையில் வைக்காதது பதிப்பகத்தின் குற்றம். அதை வகைமையின் தலையில் கட்டாதீர்கள்.

வெண்ணிலா:
பதிப்பகத்தை எப்படித் தனியாகப் பிரிப்பீர்கள், அக்கா? ஹார்லெக்வின் 2017ல் ஐந்து நாவல் வரிசைகளை மூடப்போவதாக அறிவித்தது. அதில் வெஸ்டர்ன் ரொமான்ஸ் வரிசையும் உண்டு, கறுப்பினப் பாத்திரங்களுக்கென்றே இருந்த கிமானி வரிசையும் உண்டு. கௌபாய்க்கு மறுபிறவி வந்துவிட்டது. 2018ல் ராஞ்ச் குடும்பத்தைப் பற்றிய 'யெல்லோஸ்டோன்' டிவி தொடர் தொடங்கியது, பிறகு டிக்டாக்கில் புத்தகம் பேசும் புக்டாக் வந்தது, அட்டைப்படத்தில் சட்டையில்லாத ஆள் போய்ப் பொம்மைப் படம் வந்தது, இப்போது எங்கு பார்த்தாலும் தொப்பி. கிமானிக்கு அப்படி யார் வந்தார்கள்?

அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் 2021ல் ஒரு நாவலுக்குப் பரிசு கொடுத்ததே, நினைவிருக்கிறதா? 1890ல் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா பூர்வகுடி மக்களைக் கொன்ற குதிரைப்படையில் இருந்தவன் நாயகன். குற்ற உணர்ச்சிப்பட்டு, மனம் திருந்தி, காதலும் கிடைக்கிறது அவனுக்கு. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். நடுவர்கள் எல்லோரும் படித்து மதிப்பெண் போட்ட பிறகு!

பழுப்புத்தாள்:
அது சரித்திர நாவல். நாம் பேசுவது சமகால நாவல்.

வெண்ணிலா:
அவனுடைய கொள்ளுப்பேரன்தான் சமகால நாவலின் நாயகன்.

நெறியாளர்:
சூடு தணியட்டும். தனிப்பட்ட சீண்டல் வேண்டாம்.

டென்வர் அருண்:
யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. காதல் நாவலுக்குக் கட்டாய விதி ஒன்றுதான், கடைசியில் இருவரும் சேரவேண்டும். ராஞ்சும் தப்பவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் நான் படித்த எல்லாவற்றிலும் ராஞ்ச் தப்பிக்கிறது. நிலத்தை விற்பவன் வில்லன், அல்லது பயந்தாங்கொள்ளி. நிஜத்தில் விற்ற பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்த அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். விற்றால் ரிசார்ட் வந்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. இந்த நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்று பத்திரத்தில் நிரந்தரக் கட்டுப்பாடு எழுதி, அதற்குப் பணமோ வரிச் சலுகையோ பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. அப்பா, மகன், மருமகள் மூவரும் அந்தப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் அதில் ஒரு நல்ல நாவலே இருக்கிறது. மகனுக்குக் கையெழுத்துப் போட மனமில்லை, மருமகளுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழுப்புத்தாள்:
நான் கேட்டதும் இதுதான். ராஞ்சை விற்றுவிட்டு டவுனில் இரண்டு அறை வீட்டில் சந்தோஷமாக இருக்கும் ஒரு கௌபாய். அவனை எழுதச் சொல்லுங்கள், நான் வாங்குகிறேன்.

லைப்ரரி லதா:
நீங்கள் ஒரு பிரதி வாங்குவீர்கள். மாதம் நான்கு வாங்குகிற நாங்கள் வாங்கமாட்டோம். நிலத்தை விற்ற வீடுகளில்தான் எங்களில் பாதிப் பேர் பிறந்தோம், அந்தக் கதை எங்களுக்கு அத்துப்படி. அருண் சொன்ன பத்திரக் கதை வேண்டுமானால் வரட்டும், மருமகள் ஜெயிக்கட்டும், ராஞ்ச் மட்டும் கையை விட்டுப் போகக்கூடாது. வெண்ணிலா, பெவர்லி ஜென்கின்ஸில் எதிலிருந்து தொடங்கலாம் என்று தனி இழையில் எழுதுகிறேன். அங்கே வந்து சண்டை போடுங்கள்.