கொம்புத் திருக்கையை உயிரோடு பார்த்த நாள்

கடலுக்குள் முக்குளிக்கும் நம் டைவிங் குழுவில் பலரும் அந்தமான், மாலத்தீவு டைவ்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் குளிர்ந்த கடல். போன ஆகஸ்டில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்குப் போனேன். போனதே கொம்புத் திருக்கைக்காகத்தான். இறக்கை போல அகன்ற செட்டையும் தலையில் கொம்பு மாதிரி இரண்டு மடல்களும் உள்ள பெரிய திருக்கை மீன் அது.

அந்த மீன் எனக்குப் புதிதில்லை. அம்மாவின் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம். வழிவலையில், அதாவது கடலில் மிதக்கவிடும் வலையில், சிக்கி வந்த கொம்புத் திருக்கைகள் கரையில் கிடப்பதைச் சின்ன வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை தாயின் பக்கத்தில், செட்டை மடங்கியபடி ஒரு குட்டியும் கிடந்தது. ஒரு சினைக்கு ஒரே குட்டிதான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் குட்டி மனதை விட்டுப் போகவே இல்லை.

அசோர்ஸின் ஃபையல் தீவிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கின் நடுவில் பிரின்சஸ் ஆலிஸ் என்று ஒரு கடலடி மலை. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1896இல் கடலாய்வுக்கு வந்தபோது கண்டுபிடித்தது. பெயர் அவருடைய கப்பலின் பெயர். கடலடிப் பாறைத்திட்டை நம் மீனவர்கள் 'பார்' என்கிறார்களே, அதை ஒரு மலையளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி சுமார் 35 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சுற்றிலும் பாதாளம். ஆழத்தில் ஓடும் நீர் மலையில் மோதி மேலே கிளம்பும்போது சத்தையும் கொண்டுவருகிறது. அதனால்தான் வெறுங்கடலில் அந்த ஓரிடத்தில் மட்டும் அத்தனை மீன்.

காற்று சரியில்லை என்று இரண்டு நாள் படகு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் கிளம்பி மூன்று மணி நேர ஓட்டம். பக்கத்துத் தீவின் பிகோ மலை பின்னால் சிறுத்துச் சிறுத்து மறைந்தது. அப்புறம் நாலு பக்கமும் தண்ணீர்தான்.

அங்கே உச்சிவரை இறங்க வேண்டியதில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி 10, 15 மீட்டரில் காத்திருக்க வேண்டும். நீரோட்டம் பலமாக இருந்தது. கையை விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் 22 டிகிரி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு. முதலில் சீலா மீன் கூட்டம் வந்தது, பிறகு பாரை மீன்கள். கால் மணி நேரம் வேறெதுவும் இல்லை.

திடீரென்று நீலத்துக்குள் ஒரு நிழல் தெரிந்தது. அது மூன்றானது, ஏழானது. ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் அகலம் இருக்கும். முதுகு வெயில்பட்ட இடத்தில் பொன்னிறமாக மின்னியது. நான் அசையவே இல்லை. அவையே நேராக எங்களை நோக்கி வந்தன. ஒன்று என் தலைக்கு மேலே, மூச்சுக் குமிழிகள் வயிற்றில் உரசும்படி மெதுவாகக் கடந்தது. கண் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். கரையில் கிடந்த மீன்களிடம் நான் பார்த்த கண் அல்ல அது. இன்னொன்றைக் காட்டி, வழிகாட்டி தன் வயிற்றில் கையை வளைத்துச் சைகை செய்தார். அதற்கு வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. சினை! மூச்சு விடும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே அழுதேன்.

மேற்பரப்பில் வெயில் காய்வதுபோல் திரியும் இவற்றுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அசோர்ஸில் 15 திருக்கைகளுக்குக் கருவி பொருத்தி ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 2,000 மீட்டர் ஆழம்வரை, 4 டிகிரிக்கும் குறைவான குளிருக்குள் இறங்கியிருக்கின்றன. மூளைக்குப் போகும் இரத்தத்தைச் சூடாக வைக்கும் நாளப் பின்னல் உடம்பிலேயே இருக்கிறதாம். நாங்கள் எட்டிப் பார்த்தது அதன் வீட்டு மொட்டைமாடியை மட்டும்தான்.

போக நினைப்பவர்கள் ஜூலை முதல் செப்டம்பருக்குள் போங்கள். காற்றுக்காகக் கூடுதலாக நாலைந்து நாள் கையில் இருக்கட்டும். கயிற்றோடு இருங்கள், துரத்தாதீர்கள். துரத்தினால் இரண்டே வீச்சில் காணாமல் போய்விடும். முடிந்தால் அடிவயிற்றைப் படம் எடுங்கள். அங்குள்ள கறைகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு மீனையும் அடையாளம் காண்கிறார்கள்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். சினைத் திருக்கை வந்ததும் நிறுத்தச் சொன்னார். "வலையில மாட்டாம குட்டி போட்டுரும்லா?" என்று கேட்டார்.