திங்கக்கிழமை மட்டும் நெஞ்சு இறுக்கம், மில் வேலை, என்ன பண்றது?

எங்கண்ணனுக்கு 34 வயசுங்க, பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ப்ளோ ரூம்ல, அதான் பஞ்சு பொதிய பிரிச்சு சுத்தம் பண்ற எடத்துல, 9 வருஷமா இருக்கார். ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கக்கிழமை ஷிப்ட் போயிட்டு வந்தா நெஞ்சு இறுக்குது, வறட்டு இருமல், அன்னிக்கு ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சு சாஞ்சபடியே தூங்கறார். புதன்கிழமை ஆனா சரியாயிடுது, அதனால சளிதான்னு விட்டுடறார். மாஸ்க் போடச் சொன்னா கர்ச்சீப் போதும்ங்கறார், டெய்லி வெல்லம் ஒரு கட்டி தின்னா தூசி இறங்கிடுமாம். பயமா இருக்குங்க.

பழைய கார்டிங்காரன்:
தம்பி, இத சளின்னு விடாதீங்க. நான் கார்டிங்ல, அதான் பஞ்ச சீவுற டிபார்ட்மென்ட்ல, 20 வருஷம் இருந்தவன், எனக்கும் இப்படித்தான் வாரத்துல மொத நாள் மட்டும் வந்துச்சு, அப்புறம் ரெண்டு நாள் ஆச்சு, கடைசில வாரம் பூரா இருந்துச்சு. இப்ப ஒரு மாடி ஏறுனா நடுவுல நிக்கணும். வெல்லம் வயித்துக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது. கர்ச்சீப்ல பொடித்தூசி நிக்காது, என்95 மாஸ்க் மூக்கோரம் இடைவெளி இல்லாம போடணும். மெஷின ஏர் பைப்ப வெச்சு ஊதி சுத்தம் பண்றாங்கன்னா அந்த நேரம் பக்கத்துல நிக்கவே வேண்டாம். பீடி சிகரெட் இருந்தா இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க.

நெஞ்சுநோய் வார்டு நர்ஸ்:
கார்டிங் அண்ணா சொல்றது சரி. இதுக்குப் பேரு பிசினோசிஸ், பஞ்சுத் தூசியில ஒட்டியிருக்கற பாக்டீரியாவோட நச்சு மூச்சுக்குழாய சுருக்கிடுது. ஆரம்பத்துல தூசிய விட்டு வெளிய வந்தா சரியாகும், வருஷக்கணக்கா விட்டா அடைப்பு நிரந்தரமாயிடும். எக்ஸ்ரே நார்மல்னு வந்தாலும் நம்பி விட்டுடாதீங்க, ஸ்பைரோமெட்ரி, அதான் குழாய்ல ஊதுற டெஸ்ட், அத திங்கக்கிழமை ஷிப்டுக்கு முன்னாடி ஒருதரம், முடிஞ்சதும் ஒருதரம் எடுத்தா வித்தியாசம் தெரியும். டாக்டர்கிட்ட எந்த டிபார்ட்மென்ட், எத்தன வருஷம்னு கண்டிப்பா சொல்லணும், சொல்லலன்னா ஆஸ்துமான்னு எழுதி அனுப்பிடுவாங்க. சட்டத்துல இது தொழில் நோய் லிஸ்ட்லயே இருக்கு, ஈஎஸ்ஐ கார்டு இருந்தா அங்கயே காட்டுங்க. நோய்னு உறுதியாச்சுன்னா தூசி கம்மியான டிபார்ட்மென்டுக்கு மாத்தக் கேளுங்க, அதுக்கு டாக்டர் லெட்டர் வாங்கிக்கங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அண்ணனுக்கு ரெண்டையும் படிச்சுக் காட்டினேன், "மாடி ஏறுனா நடுவுல நிக்கணும்"ங்கறத திரும்பப் படிக்கச் சொன்னார். வர்ற திங்கக்கிழமை காலைல ஈஎஸ்ஐ போறோம்.